"வீட்ட போயிற்றார்" என்று நான் சொன்ன பொய்

இன்று காலை நல்ல செய்தி சொல்லப் போய் ஒரு மனிதரைப் பாதி சாகடித்துவிட்டேன்!

(தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள் நான்.)

எங்கள் ஆண்கள் அறையில் தம்பிராசா ஐயா இருக்கிறார். பழைய பஸ் டிரைவர். தேநீர் ஐந்து நிமிடம் பிந்தினால் கட்டிலில் இருந்தே ஹோர்ன் அடிப்பார் (வாயால்தான்!).

அவருடைய மகன் கல்குடாவில் வீடு கட்டி முடித்துவிட்டார். அப்பாவைக் கூட்டிப்போக வேனோடு வருவதாக இன்று காலையில் போன் பண்ணினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஐயா! இண்டைக்கு நீங்க வீட்ட போகப்போறீங்க!"

மனிதர் வெளிறிப்போனார். தன் ரேடியோவை எடுத்துப் பக்கத்துக் கட்டில்காரரிடம் கொடுத்தார்.

"புள்ள, போன கிழமை எடுத்த ரத்தத்தில என்ன காட்டின?"

"ஒண்டுமில்ல ஐயா. எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்னத்துக்கு என்ன வீட்ட அனுப்புறாய்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சில வருஷங்களுக்கு முந்திய கொரோனா நேரம். கேற்றைப் பூட்டி, இங்கே இருப்பவர்களின் பிள்ளைகளைக்கூட உள்ளே விடாமல் மாதக்கணக்காக இருந்தோம். அப்படியும் அது வந்துவிட்டது.

அம்புலன்ஸில் போன மூன்று பேர் திரும்பி வரவில்லை. உடலையும் தரவில்லை. போனில் செய்தி மட்டும் வந்தது.

இல்லப் பொறுப்பாளரான மேற்றன் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "செத்ததெண்டு ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. மத்த ஆக்கள் பயந்து சாப்பாட்ட விட்டுருவாங்க."

அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில். "சுகமாகி வீட்ட போயிற்றார்."

(மாஸ்க் போட்டுக்கொண்டு பொய் சொல்வது லேசு!)

செத்த மூவரில் ஒருவர் வேலுப்பிள்ளை ஐயா. தம்பிராசா ஐயாவின் கூட்டாளி. அவரைப் பற்றிக் கேட்டபோது நான் இன்னும் கொஞ்சம் சோடித்து, "மகன் வந்து கூட்டிப்போனவர்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் இல்லத்தில் இருந்து ஒருவரும் உண்மையாக வீட்டுக்குப் போனதில்லை. இன்றுதான் முதல் தடவை.

"ஐயா, இது உண்மையான வீடுதான். உங்கட மகன்தான் வாறார்" என்றேன்.

"வேலுப்பிள்ளைக்கும் மகன் வந்ததெண்டுதானே சொன்னாய். அவர் கலியாணமே முடிக்கல்லகா!"



"அப்ப ஏன் ஐயா அண்டைக்கே கேக்கல்ல?"

"நீ அழுது கண்ணெல்லாம் வீங்கி நிண்டாய். உன்னப் போட்டு இன்னும் என்னத்தக் கேக்கிற?"

அறையில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் எங்களுக்காகத் தலையாட்டியிருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு வேன் வந்தது. மகன் உள்ளே வந்து கையைப் பிடித்த பிறகுதான் ஐயா நம்பினார்.

வேனில் ஏறப் போனவர் நின்றார்.

"புள்ள, வேலுப்பிள்ளை செத்த திதி என்ன? அவருக்கு ஆருமில்ல. நானாவது வருஷத்துக்கு ஒருக்கா திவசம் குடுக்கிறன்."

திதி எனக்குத் தெரியாது. நாளும் தெரியாது. சொன்ன பொய் மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"பாத்துப்போட்டுப் போனில சொல்லுறன் ஐயா."

"அண்டையப்போல சொல்லிராத" என்றார். வேன் போய்விட்டது.

பின்னேரம் முழுக்க எங்கள் பழைய பதிவுப் புத்தகங்களைப் புரட்டினேன். அம்புலன்ஸில் ஏற்றிய நாள் இருக்கிறது. அதோடு சரி.

சொந்தம் என்று ஒருவரும் இல்லாத ஒருவர் இறந்த நாளை எங்கே போய்க் கேட்பது? ஆஸ்பத்திரியிலா, பதிவாளர் கந்தோரிலா? எனக்கு அந்த விவரத்தைத் தருவார்களா?

தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இந்த முறை அவருக்கு நான் உண்மையைச் சொல்ல வேண்டும்.