பழுத்த மீன்

சென்ற மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒருவரை அழைத்துவந்து, காலையில் எப்படி எழுந்திருப்பது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். எழுந்ததும் படுக்கையை மடிக்க வேண்டும், கைபேசியைத் தொடக் கூடாது, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடிக்க வேண்டும், கண்ணாடி முன் நின்று 'இன்று என் நாள்' என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். எல்லாரும் மும்முரமாகக் கேட்டுக்கொண்டார்கள். என் கணவர் இந்த விஷயத்தில் ஏற்கெனவே முன்னேறியவர். கணக்குப் போட்டு விடை சொன்னால்தான் அடங்கும் அலாரம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருக்கிறார். இப்போது தூக்கத்திலேயே கணக்குப் போடப் பழகிவிட்டார்.

எனக்குத் தெரிந்த காலை வித்தை ஒன்றே ஒன்றுதான். அதை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நாகர்கோவிலுக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த அப்பாவின் ஊரில் இருந்தோம். அப்பா சவுதியில். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் தெருவில் உள்ளவர்கள் வயல்காரர்கள், வாத்தியார்கள், அரசாங்க உத்தியோகக்காரர்கள். கலியாணமாகி வந்த புதிதில் 'கடப்புறத்துப் பிள்ளை' என்று அம்மாவைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்களாம். அவள் மீன் வாங்குவதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. காலையில் மீன்காரம்மா தலையில் மீன் பாத்திரமான சருவத்தோடு தெருவுக்குள் நுழைந்தால், முதலில் எங்கள் வீட்டு முன்னால்தான் இறக்குவாள். அம்மா குனிந்து ஒரு பார்வை பார்ப்பாள். அவள் தலையசைத்த பிறகுதான் மற்ற வீட்டுப் பெண்கள் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். வாய்க்குப் பேர்போன அந்த மீன்காரம்மா எங்கள் தெருவில் அம்மா ஒருத்திக்குத்தான் பயப்படுவாள் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் எனக்கு நல்ல தூக்கம்.

அந்த வருடம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிறந்தவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அப்பா லீவு போட்டு ஓடிவந்தார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், லீவு முடிந்ததும் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். எல்லாரும் போன பிறகு அம்மா படுத்தாள். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. கூப்பிட்டால் 'ம்' என்பாள். பகலில் எப்போதாவது எழுந்து முகம் கழுவிவிட்டு மறுபடியும் போய்ப் படுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டு அத்தைதான் சோறு கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை அப்பா போனில் என்ன சொன்னாலும் அம்மா 'சரி' என்று மட்டும் சொல்வாள்.

எனக்குப் பயமாக இருந்தது. தம்பியைப் போல அம்மாவும் ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அறை வாசலில் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன். எழுப்ப ஆளில்லாததால் அதுவும் தினமும் தாமதம். ஜூன் மாதச் சாரலில் வகுப்புக்கு வெளியே நிற்பது எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் மாமா ஒரு பையோடு வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. விசைப்படகில் வேலை. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகெல்லாம் கரையில் கிடந்தது. எதற்கு வந்தாய் என்று தெருவில் யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில் இருந்தது.

"எனக்க மருமோளு பள்ளிக்கூடத்துல வெளிய நிக்கியாளாம். அவளை எழுப்பி விட வந்தேன்."

எனக்கு மானம் போயிற்று. மாமாவோ அதை ஒரு கப்பல் வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். முதல் நாள், கைபேசியில் அலாரம் வைத்து அதை ஒரு காலி அலுமினியப் பானைக்குள் போட்டு, என் படுக்கைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவில் வைத்தார். விடியற்காலையில் பானை அலறிய அலறலில் தெருநாய்கள் எல்லாம் எழுந்துவிட்டன. நான் போய்க் கைபேசியை எடுத்து, பாவாடையில் சுற்றி வைத்துக்கொண்டு திரும்பப் படுத்துவிட்டேன். மறுநாள் கட்டன் சாயாவை என் மூக்குக்குக் கீழே கொண்டுவந்து ஊதினார். நான் படுத்தபடியே குடித்துவிட்டுத் தூங்கினேன். பிறகு வாயாலும் முயன்று பார்த்தார்.

"முழு நாளையும் நெனச்சுக்கிட்டு கெடந்தா ஒருத்தனும் எழும்ப மாட்டான், கேட்டியா. பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், வாத்திச்சி, எதையும் நெனைக்காத. ஒத்தக் காலை மட்டும் தரையில வை. மத்தக் காலு தனியா கெடந்து என்ன செய்யும்? அதுவும் பொறத்தால வந்துரும்."

இதைச் சொன்னபோது மாமா என் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அக்கரைக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கடல் இரைச்சலில் பேசிப் பழகியவர்களுக்குச் சின்னக் குரலே வராது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நாலைந்து நாள் இப்படிப் போன பிறகு மாமா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, ரகசியம் பேசுகிற முகத்தோடு சொன்னார்.

"நாளையிலேருந்து இந்த வீட்டுக்கு மீன் வாங்குறது நீதான் மருமோளே."

"நானா?"

"பொறவு யாரு? அம்மைக்குச் சொகமில்ல. நான் வந்தவன். வீட்டுக்காரி நீதானே?"

'வீட்டுக்காரி' என்ற சொல் எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. ஆனால் மீனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தட்டில் வந்தால் தின்னத் தெரியும்.

"மாம்பழம் எப்பிடிப் பாத்து வாங்குவோம்?" என்று கேட்டார் மாமா.

"அமுக்கிப் பாத்து."

"மீனும் அது மாதிரிதான். வெரலை வச்சா குழி விழணும். செவுளைப் பொளந்து பாரு, நல்ல தவிட்டு நெறமா இருக்கணும். கண்ணு உள்ள போயி வெளுத்துக் கெடந்தா ரெம்ப விசேஷம். அதுதான் பழுத்த மீனு."

கடற்கரையில் பிறந்த மாமா சொன்னால் மறுபேச்சு உண்டா? 'குழி, தவிடு, கண்ணு' என்று மனப்பாடம் செய்துகொண்டே தூங்கினேன்.

மறுநாள் பானை அலறுவதற்கு முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பல் தேய்த்து, சட்டியோடு கேட்டில் போய் நின்றேன். மீன்காரம்மா சருவத்தை இறக்கி வைத்து, என்னையும் எனக்குப் பின்னால் நின்ற மாமாவையும் பார்த்தாள்.

"அம்மைக்கு எப்படி இருக்கு மக்களே?"

"படுத்திருக்கு."

அவள் சருவத்துக்குள் கையை விட்டு, அடியில் தேக்கிலையில் தனியாகச் சுற்றி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தாள். "இது உனக்குன்னே எடுத்து வச்சது" என்றாள். எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று எனக்குப் பூரித்துப்போனது. நாலு சாளை. விரலை வைத்தேன், அழகாகக் குழி விழுந்தது. செவுள் தவிட்டு நிறம்தான். கண் இருக்கிற இடமே தெரியவில்லை. முதல் நாளே இப்படிப்பட்ட பழுத்த மீன் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாமா அதை வாங்கி, கொள்ளாம், கொள்ளாம் என்று பாராட்டி, பின்பக்கம் அம்மாவின் அறை ஜன்னலுக்குக் கீழே கல்லைப் போட்டு உட்கார்ந்து மெதுவாகக் கழுவினார். வயிறெல்லாம் உடைந்திருந்தது. வாடை வீட்டைச் சுற்றி வந்தது. ஆனால் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தால் கஞ்சியும் துவையலும்தான். மீன் எங்கே என்றால், பூனை கொண்டுபோய்விட்டது என்றார். அந்த வாரம் முழுக்க நான் வாங்கிய மீனையெல்லாம் பூனைதான் கொண்டுபோயிற்று.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்ன நாத்தம் அது?"

'ம்', 'சரி' தவிர அம்மா பேசி வெகுநாளாயிற்று. நான் அப்படியே நின்றுவிட்டேன். மாமாவின் கையும் நின்றது. ஆனால் ஒன்றுமே நடக்காதது போல, "மீனுதான்க்கா. பிள்ளை வாங்குனது" என்றார். அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அடுத்த நாள், "எந்த மீனு?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை அயிலை வந்தது. அதுவரை நான் வாங்கியதிலேயே மிகச் சிறந்தது அதுதான். விரலை வைக்கவே வேண்டியிருக்கவில்லை, பார்த்தாலே குழி விழுந்தது. மாமா அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"போயி அம்மைக்கிட்ட காட்டிட்டு வா. நீ எவ்ளோ கெட்டிக்காரின்னு அவளும் பாக்கட்டு."

தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் சாத்திய அறை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவின் தோளைத் தொட்டு, "அம்மா, நான் வாங்குனது" என்று தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

அம்மா கண்ணைத் திறந்தாள். மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, நகத்தால் செவுளைத் திறந்தாள்.

"செவுளைப் பாத்தியா?"

"பாத்தேனே. நல்ல தவிட்டு நெறமா இருக்கு."

"தவிட்டு நெறமா? யாரு சொன்னது?"

"மாமா."

"எலேய்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் தட்டு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது. "கடப்புறத்துல பொறந்த பயலாலே நீ? பிள்ளைக்கு இதாலே சொல்லிக் குடுக்க? இந்தச் சீத்த மீனையாலே எனக்க சட்டியில போடப்போற?"

மாமா அறை வாசலை விட்டு விலகி நின்றார். அம்மா ஒரு காலைத் தரையில் வைத்தாள். மற்றக் கால் தனியாகக் கிடந்து என்ன செய்யும்? அதுவும் வந்தது. தட்டை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, கசங்கிய நைட்டியும் சிக்குப் பிடித்த தலையுமாக, மாமாவைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டாள்.

மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு அடுத்த தெருவில் கூவிக்கொண்டிருக்கும் மீன்காரம்மா, அன்று என்னவோ பக்கத்து வீட்டு மதிலோரம் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"பச்சப்பிள்ளைன்னு பாத்து அழுகினதைத் தள்ளி விடுகியா? நான் கெடந்துட்டேன்னா தெருவுல கேக்க ஆளில்லன்னு நெனச்சியா?"

அம்மா ஏசினாள், ஏசினாள், மூச்சு வாங்க ஏசினாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பித் தருகிற மீன்காரம்மா, அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எனக்கு அவள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அம்மா மூச்சு விட நிறுத்தியபோது அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஏசு பிள்ளே. இன்னும் நல்லா ஏசு."

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மாவின் கையிலிருந்த தட்டை மீன்காரம்மா வாங்கி மதில்மேல் வைத்தாள். பிறகு அம்மா சருவத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். மேலே கிடந்த சாளைகளைப் புரட்டினாள். தடையில்லாத சின்ன வள்ளத்தில் பிடித்து அன்று காலையில்தான் கரையேறிய மீன். வெயிலே இல்லாத அந்த நாளிலும் பளபளவென்று இருந்தது.

"இஞ்ச வா மக்கா" என்று என்னைக் கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து மீன் மேல் வைத்து அமுக்கினாள். குழி விழவில்லை. "பாத்தியா? செவுளு இப்படிச் செவப்பா இருக்கணும். கண்ணு உன்னையப் பாக்கணும்."

எதிர்வீட்டு டீச்சரம்மா மெதுவாக வந்து சட்டியை நீட்டினாள். "எனக்கும் பாத்து எடுத்துத் தாயேன். ஒரு மாசமா என்னத்தைத் திங்குகோம்னே தெரியல." அம்மா எடுத்துக் கொடுத்தாள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் சாளைக்கறியும். அம்மாவும் கொஞ்சம் சாப்பிட்டாள். அதற்குப் பிறகும் அவள் எழுந்திருக்காத காலைகள் சில இருந்தன. ஆனால் தெருமுனையில் மீன்காரம்மாவின் குரல் கேட்டால் கட்டில் கிறீச்சிடும். நானும் எழுந்துவிடுவேன், ஏனென்றால் அம்மா மீன் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியது என் வேலையாகிவிட்டது. போர்வை ஏறி இறங்குகிறதா என்று அதன் பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை.

இந்த வித்தையை இன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும். அன்று முடியாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வாங்கிய மீனால் மாமாவுக்கு ஏச்சு விழுந்தது என்பது மட்டும்தான். அம்மா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மாமாவைத் தேடிப் போனேன். அவர் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதீங்க மாமா. நாளைக்கு நல்ல மீனா வாங்குதேன்."

மாமா துண்டை எடுத்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மருமோளே. இதைவிட நல்ல மீனு இந்த ஜில்லாவுலயே எவனும் வாங்குனது கெடையாது."

நான் என் விரல்களை முகர்ந்து பார்த்தேன். அழுகிய அயிலை வாடை இன்னும் போகவில்லை. பாவம் மாமா, கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் அவருக்கு மீனைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.