ஏழாவது பாட்டு முடிவதற்குள்

சிட்னி ஹோம்புஷில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. ரோல்ஸைக் கடிக்கப் போன நேரத்தில்தான் சயந்தினிக்குத் தன் குரல் கேட்டது. மண்டபத்து ஸ்பீக்கரில் அவளே பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு அடி முடிந்ததும் பாட்டின் மேலேயே ஓர் ஆண்குரல் எதிரொலியோடு "இந்திரன் சவுண்ட்ஸ்" என்றது.

பாட்டை எழுதியவர் அவளுடைய புருஷன் சிறி. சிட்னியில் பஸ் ஓட்டிய மனுஷன். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் முருகன்மேல் எழுதி ஏழு பாட்டு சேர்த்திருந்தார். மாரடைப்பில் அவர் போனபோது, முப்பத்தோராம் நாளுக்கு மற்றவர்கள் நினைவுமலர் அடிப்பதுபோல, சயந்தினி அந்த ஏழையும் பாடி ஒரு சீடியாக்கி வந்தவர்களுக்குக் கொடுத்தாள். ஒன்றை நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது நடந்து பதின்மூன்று வருஷம்.

இந்திரன் சவுண்ட்ஸ் நடத்தும் ஒலிபெருக்கிக்காரன் இந்திரகுமாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நவராத்திரி விழாவில் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கை நிறுத்தி, "அக்கா, சுருதி நிக்கேல்லை, அடுத்த பிள்ளை காத்திருக்கு" என்று சபைக்கே கேட்கச் சொன்னவன். சபை சிரித்தது. அதன்பிறகு அவள் எங்கும் பாடவில்லை.

ரோல்ஸை வைத்துவிட்டு அவனுடைய மேசைக்குப் போனாள்.

"தம்பி, இந்தப் பாட்டு எங்க எடுத்தனீர்?"

"லைப்ரரியில அக்கா. சும்மா கிடந்த சீடி. நல்லாயிருக்கு, என்ன? ஊரில ஆரோ பெரிய பாடகியாக்கும்."

"கேக்காமக் கொப்பி அடிக்கலாமோ?"

"எங்கட வரிக் காசில வாங்கினதுதானே. முழுக்க அடிச்சு வச்சிருக்கிறன். வாற ஞாயிறு வாசுதேவன் அண்ணையின்ர மகளுக்குக் கலியாணம். ஏழையும் வரிசையாப் போடப்போறன்."

வாங்கியதல்ல, நான் கொடுத்தது என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏழாவது பாட்டு முடிந்த கையோடு, அதே பதிவில், சிறியின் தமையனுடைய குரல் வரும். இந்தப் பாடல்கள் அமரர் சிறியின் நினைவாக என்றும், அன்னாரின் ஆத்மா சாந்தியடைய என்றும் சொல்லும். சீடியோடு வைத்த, சிறியின் படம் போட்ட தாளை இரவல் எடுத்த யாரோ தொலைத்திருக்க வேண்டும். வெளி அட்டையில் வேல் மட்டும்தான். இவன் கடைசிவரை கேட்டுப் பார்க்காமலே அடித்து வைத்திருக்கிறான்.

கலியாண மண்டபத்தில் செத்தவீட்டு அறிவித்தல். அதற்குப் பிறகு இவனை எந்தத் தமிழன் கூப்பிடுவான்?

"நல்லாப் போடும்" என்றாள்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளர்களுக்குச் சாப்பாட்டு வண்டில் தள்ளுவது அவள் வேலை. அந்தக் கிழமை முழுக்க வண்டிலின் பாரமே தெரியவில்லை. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் இந்திரகுமாரின் முகம் வெளிறுவதை மனதுக்குள் பார்த்தாள். ஒருமுறை அவன் கதிரையோடு விழுந்தான். ஒருமுறை அழுதான்.

மகள் லக்சிகாவிடம் மட்டும் சொன்னாள். அவள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள்.

"அம்மா, அவர் செய்தது இல்லீகல். ஆனா நீங்களும் செய்தனீங்கள்தானே?" என்று அலுமாரியைக் காட்டினாள் லக்சிகா. நூலகத்தில் எடுத்துக் கொப்பி அடித்து, மார்க்கரால் பேர் எழுதிய சீடிகள் அங்கே நாலு பெட்டி நிறையக் கிடந்தன.

"நான் வீட்டில வச்சுக் கேட்டனான். என்ர பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் போட்டனானே?"

"லோ அப்பிடிப் பாக்காது."

"அப்ப அது கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டும்."

அந்தப் பாடகர்களை நான் கேட்டேனா, அவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருந்திருப்பார்களே என்று பிறகு நினைத்தாள். நினைப்பு சற்று நேரம் குத்தியது. சபை சிரித்த சிரிப்பு வந்து அதைத் தள்ளிவிட்டது.

"கலியாணப் பொம்பிளை விஷாலினி என்ன பிழை செய்தவ, அம்மா?"

"அவவுக்கு ஒண்டும் வராது. சனம் ரெண்டு நாளில மறந்திடும்."

மறக்காது என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷம் கழித்து அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும், கலியாணத்தண்டைக்கே அபசகுனம் கேட்டது என்று சனம் சொல்லும்.

அந்தக் கலியாணத்துக்குச் சயந்தினிக்கும் அழைப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாலி கட்டி முடிந்து, சனம் அறுகரிசி போட்டு மணமக்களை வாழ்த்த வரிசையில் நின்றது. ஆறாவது பாட்டு ஓய்ந்து ஏழாவது தொடங்கியது. நாலரை நிமிஷப் பாட்டு. சயந்தினி கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டு இந்திரகுமாரையே பார்த்தாள். அவன் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். மேடையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள். மாலை கனத்து விஷாலினி கழுத்தைச் சரிக்க, தாய் ராஜகுமாரி பின்னால் நின்று அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

சயந்தினி எழுந்து நேரே அவனிடம் போனாள்.

"தம்பி, இது நான் பாடினது."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

அடுத்த அடியை ஸ்பீக்கரோடு சேர்ந்து மெல்லப் பாடினாள். மூச்சு எடுக்கும் இடம்கூட மாறவில்லை. அவன் போனை வைத்தான்.

"என்ர மனுசன்ர முப்பத்தொண்டுக்குப் பாடினது. பாட்டு முடிய அமரர் எண்டு அவரின்ர பேர் வரும்."

அவன் லப்டொப்புக்குப் பாய்ந்தான். அவள் கையைக் குறுக்கே வைத்தாள்.

"நிப்பாட்டாதையும். இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு. மைக்கை எடுத்து, ஆரின்ர பாட்டு, ஆர் பாடினது, கேக்காமக் கொப்பி அடிச்சது ஆர் எண்டு சொல்லும்."

"அக்கா, கலியாண வீடு."

"அதுதான். கெதியாச் சொல்லும்."

மைக் பிடித்த கை நடுங்கியது. "இந்தப் பாட்டுகள் சிறி அண்ணை எழுதி, சயந்தினி அக்கா பாடினது. நான் கேக்காமல் லைப்ரரி சீடியில இருந்து கொப்பி அடிச்சு என்ர பேரைப் போட்டனான். மன்னிக்கவேணும்."

சனம் அதை அடக்கம் என்று நினைத்துக் கைதட்டியது. அவள் கையை எடுத்தாள். பாட்டு முடிந்து, தமையன் பேச மூச்சு இழுக்கும் சத்தம்வரை ஸ்பீக்கரில் வந்துவிட்டது. அதோடு இந்திரகுமார் நிறுத்தினான்.

அவள் பார்த்திருக்க ஏழு பாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தான். "நீங்கள் ஒருநாளும் கொப்பி அடிக்கேல்லையோ, அக்கா?" என்று முணுமுணுத்தான்.

"அடிச்சனான். அதுக்கு ஆரும் வந்து கேட்டால் நான் பதில் சொல்லுவன். இது உம்மட முறை."

ராஜகுமாரி மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் கைகளைப் பிடித்தாள். "இவ்வளவு நல்ல குரலோ உங்களுக்கு? பிள்ளைக்குப் பெரிய சந்தோஷம்." சயந்தினி கையை உருவிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிறது என்று பொய் சொன்னாள்.

காரில் லக்சிகா கேட்டாள். "நீங்கள் முதல் பாட்டிலயே எழும்பிப் போயிருக்கலாமே, அம்மா."

"ஓம்."

"ஏன் போகேல்லை?"

"அவன்ர கை நடுங்கிறதைப் பாக்கவேணும்போல இருந்தது" என்றாள் சயந்தினி. சீட் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு, "விஷாலினிப் பிள்ளையின்ர முகத்தை நான் இனி எப்பிடிப் பாக்கிறது?" என்று கேட்டாள். லக்சிகா காரை எடுத்தாள்.