மோட்டாருக்குப் போட்ட தடுப்பு

மேட்டூர்க் கரண்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் வந்த பிறகுதான் எனக்குச் சக்களத்தி வந்தாள். சேலம் ஜங்ஷனில் மரப்பெட்டியோடு இறங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் மெத்தைமேல் வந்து சேர்ந்தாள். நான் புகுந்த வீட்டுக்கு வந்த வண்டியில் ஒரு கோணிச் சாக்குகூட விரிக்கவில்லை. அவள் ஒரு மோட்டார்.

அதுவரை எங்கள் ரைஸ் மில் ஆயில் எஞ்சினில் ஓடியது. அது ஒற்றை ஆளுக்கு அடங்காது. நான் விளக்கைப் பிடித்து அதன் தலையைச் சூடாக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். “அம்மிணி, இன்னுங் கொஞ்சம் காட்டு” என்பார். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் இரண்டு பேர் முகத்திலும் கரி. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். அடுப்படி மாமியாருடையது, காடுகரை மாமனாருடையது. எனக்கென்று இருந்தது எஞ்சின் பக்கத்தில் நிற்கிற அந்த இடம் ஒன்றுதான்.

மோட்டாருக்கு நான் தேவைப்படவில்லை. கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் ஓடிற்று. போதாக்குறைக்கு மில்லைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வந்தார். பெல்ட்டுக்குக் கம்பிவலை போடச் சொன்னார், மோட்டாரைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குத் தடுப்புக் கட்டச் சொன்னார். பிறகு என் முந்தானையைப் பார்த்தார்.

“பெண்கள் யாரும் தடுப்புக்கு உள்ளே வரக் கூடாது. சேலை பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சட்டம் அப்படி” என்றார்.

“சரிங்க, இனிமே உடமாட்டனுங்க” என்றார் என் வீட்டுக்காரர். யோசிக்கக்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்துவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா? அவர் அத்தனை வேகமாகத் தலையாட்டியது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் இன்னும் சொன்னார்: நெல் இல்லாமல் சும்மா ஓட்டாதே, பெல்ட்டை இறுக்கிக் கட்டாதே, பேரிங் சூடாகும், கரண்டு வீணாகும். அவ்வளவுதான், பேரிங்கில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்ப்பதே இவருக்கு வேலையாகிவிட்டது. நான் காய்ச்சல் கண்டு கிடந்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காத கை அது. ஒருநாள் தடுப்புக்கு வெளியே நின்று கேட்டேன், அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்: “அம்மிணி இன்னைக்குச் சூடே இல்லியே.” என்னைக் கூப்பிட்ட பேரையும் தூக்கிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு நான் வெறும் “இந்தா” ஆனேன்.

எனக்கு ஒரே ஒரு வேலை மிஞ்சியது. மில் சுவருக்கு வெளியே ஒரு குழி. இரும்புக் குழாயைப் புதைத்து, கரியும் உப்பும் கொட்டி, மோட்டாரிலிருந்து கம்பி இழுத்திருந்தார்கள். மோட்டாரில் கரண்டு கசிந்தால் தொட்டவர் உடம்பில் ஏறாமல் அந்தக் குழிக்குள் இறங்கிவிட வேண்டுமாம். குழி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் ஆபத்து என்று இன்ஸ்பெக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

“இந்தா, தெனமும் இதுல ஒரு கொடம் ஊத்தீரு” என்றார் இவர். சக்களத்திக்குக் கால் கழுவத் தண்ணீர் சுமக்கிற மாதிரி சுமந்தேன்.

அந்தக் கோடையில் கிணறு அடிக்குப் போய்விட்டது. “ஊட்டுக்கே தண்ணி இல்ல, குழிக்கு எதுக்கு? உடு” என்றார். நான் விடவில்லை. எனக்கு அவள்மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. இவரோ பொழுதுக்கும் அவள்மேல் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். குளிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினேன்.

ஒரு மத்தியானம் மில்லுக்குள் படாரென்று சத்தம். ஓட்டம் நின்றது. கருகல் வாடை வெளியே வரை வந்தது. தடுப்பாவது சட்டமாவது, குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். இவர் பேரிங்கில் வைத்த கையை எடுக்காமல் மலைத்துப்போய் நின்றார். உடம்பில் ஒரு காயமும் இல்லை.

“அக்கட்டால போ, சேல சிக்கிக்கும்” என்றார். ஓடாத பெல்ட்டில் எது சிக்கும்?

சாயங்காலம் ராசிபுரத்திலிருந்து ஒயர்மேன் வந்து மோட்டாரைப் பிரித்தார். உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பி தீய்ந்து மோட்டாரின் இரும்புக் கூட்டில் ஒட்டியிருந்தது. எழுந்து வெளியே போய்க் குழியில் விரலைவிட்டுப் பார்த்தார். ஈரம்.

“இது மட்டும் காஞ்சிருந்தா இந்நேரம் உங்களத் தூக்கிப் போட்டிருக்குமுங்க. ஆரு தண்ணி ஊத்துனது?”

இவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னை முழுசாகப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

“அம்மிணியச் சேலத்துக்குக் கொண்டுபோயிக் காயில் கட்டோணும்” என்றார். “இந்தா, வண்டீல வைக்கோலு நெறையாப் போடு.”

போட்டேன். போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழிக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனேன். அவள் திரும்பி வருவாளே.