அண்ணை, அன்னை, ஒரு நட்சத்திரக் குறி

அந்த வரியை எழுத எனக்கு ஐந்து விநாடிகூட ஆகவில்லை. அதற்காக ஒரு பகல் முழுக்கச் செத்துப் பிழைத்தேன்.

வல்வெட்டித்துறையில் எங்கள் மீனவர் சங்கத்துக்குப் படகு விவரங்களைக் கணினியில் ஏற்றித் தந்தவள் நான். ஒவ்வொரு படகுக்கும் அதன் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து ஒரு கோப்பு: இயந்திரம், ஆட்கள், வழக்கமாக வலை விடும் இடத்தின் ஜீ.பி.எஸ். புள்ளிகள். எல்லாவற்றையும் கிட் என்ற மென்பொருள் கவனித்துக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைத்திருக்கும். நான் சொன்னால் இணையத்திலும் ஒரு பிரதியை ஏற்றிவிடும். எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதையும் அதற்குத் தனியே எழுதிவைக்கலாம்.

கண்டுகொள்ள வேண்டாதது என்னிடம் நிறைய இருந்தது, மீன்பிடிக்கப் போகும் என் அண்ணையின் புண்ணியத்தால். போனில் இடமில்லையென்று கடலில் எடுத்த வீடியோக்களையெல்லாம் என் கணினியில் கொண்டுவந்து கொட்டுவார். ‘அண்ணை 1’, ‘அண்ணை 2’ என்று நான் பெயரிட்டு வைப்பேன். அவற்றை ஏற்றத் தொடங்கினால் இணைப்பு திணறிப்போகும். எரிச்சலில் ஆங்கில எழுத்தில் ‘அண்ணை’ என்று அடித்து, பின்னால் ஒரு நட்சத்திரக் குறி வைத்தேன். அந்தப் பெயரில் தொடங்கும் எதையும் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். சனியன் தொலைந்தது என்று நினைத்தேன்.

போன மாரியில் ஒருநாள், விடிந்ததும் கரைக்கு வரவேண்டிய அண்ணை பத்து மணியாகியும் வரவில்லை. சங்கத் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, தேடிப்போக ரெண்டு படகு நிக்குது. உம்மடை அண்ணை எவடத்திலை வலை விடுறவர் எண்டு கெதியாப் பாத்துச் சொல்லும்.”

பழைய கணினியை முந்தின மாதம்தான் முழுவதும் அழித்து ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே என்ற திமிர். புதியதில் இறக்கினேன். ஊர்ப் படகெல்லாம் வந்தன. அண்ணையின் ‘அன்னை முத்துமாரி’யைக் காணவில்லை.

மறுபடி இறக்கினேன். அப்போதுதான் உறைத்தது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் சுழி வேறு. ஆங்கில எழுத்தில் அண்ணையும் அன்னையும் ஒன்றுதான். அந்த ஒரு வரி வீடியோக்களோடு அண்ணையின் படகுக் கோப்பையும் இணையத்தில் ஏற்றாமல் விட்டிருந்தது. அண்ணன் என்று கூப்பிடுகிற ஊரில் பிறந்திருந்தால் இது நடந்திராது.

“கிடக்கோ பிள்ளை?” அண்ணி என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இல்லை அண்ணி.”

அந்தப் புள்ளிகளை அண்ணை சோறு தின்றபடி சொல்லச் சொல்ல, என் கையால்தான் அடித்தேன். முதல் இரண்டு இலக்கங்கள் மட்டும் நினைவு வந்தன. அவை எங்கள் கடல் முழுவதற்கும் பொது. படகுகள் குத்துமதிப்பாகப் புறப்பட்டன. நான் அந்த முத்துமாரியையே கும்பிட்டேன். அவள் பெயரையும் சேர்த்தல்லவா அழித்திருந்தேன், எந்த முகத்தோடு கும்பிடுவது?

பின்னேரம் அண்ணை வந்தார். எஞ்சின் பழுதாம். தேடிப்போனவர்கள் கண்ணில் அவர் படவேயில்லை. தற்செயலாக எதிர்ப்பட்ட வேறொரு படகு கட்டியிழுத்து வந்தது.

“என்னை ஊரெல்லாம் தேடினியளாம்?”

“எப்பிடித் தேடுறது? உங்களைக் கண்டுகொள்ளாதை எண்டு நான்தானே அண்ணை எழுதிவைச்சனான்.”

அவருக்கு என்ன விளங்கியதோ, சிரித்தார். “அதுக்கேன் அழுறாய்? அண்ணையைக் கண்டுகொள்ளாதை எண்டு ஒருக்கால் கடலுக்கும் எழுதிக் குடு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புப் பூத்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.