வெற்றிலை வைத்து அழைத்த நாடகம்

என் தாத்தா நடத்தி, அவரோடு நின்றுபோன ராஜா நாடகம் ஒன்றை, ஐம்பதுகளின் கடைசியில் மாமா மறுபடி மேடையேற்றினார். மாமா அம்மாவின் தம்பி. திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறையில் வேலை. தாத்தா தன் வீட்டுப் பெண்களைக் கொட்டகைப் பக்கமே விட்டதில்லை. அம்மாவுக்கு அந்த நாடகத்தின் பாட்டுகள் அத்தனையும் தெரியும், எல்லாம் அடுப்படியில் நின்று ஒத்திகையைக் கேட்டது. ஒரு காட்சிகூடக் கண்ணால் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்த்துவிடுவது என்று இருந்தாள்.

"மொத நாளு வசூலாகலைன்னா மறுநாள் கிடையாதுக்கா. வாடகைத் திரையைத் திருப்பிக் குடுத்துருவேன்" என்று மாமா சொல்லியிருந்தார்.

குதிரை வண்டியில் பேண்டு வாத்தியத்தோடு பேகம்பூர் வரை போய் நோட்டீஸ் கொடுத்தார்கள். மறுநாளே கடைக்காரர் அதில் பொட்டுக்கடலை மடித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பொட்டலங்களில் மட்டும் நான் நான்கு எண்ணினேன். மாமா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நோட்டீசைப் பாத்து எந்தப் பொம்பளைடா கிளம்புவா? வீடு தேடிப் போய்க் கூப்பிடணும்" என்றாள் அம்மா. குங்குமச் சிமிழோடும் வெற்றிலைத் தட்டோடும் தெருத்தெருவாகப் புறப்பட்டாள். தட்டு என் கையில். முப்பத்தேழு வீடுகள். இப்போது கல்யாணத்துக்கே யாரும் அப்படி அலைவதில்லை.

"எங்கப்பா நாடகம் மதினி. குடும்பத்தோட வந்துரணும்."

"வெத்தலை வச்சுட்டீக. வராம இருப்பமா?"

வந்தார்கள். பட்டுச்சேலையும் பூவுமாக, வெறுங்கையோடு வரக்கூடாதென்று தேங்காய் பழத்தட்டோடு வந்தார்கள். டிக்கெட் கேட்ட பையனிடம் முதல் வரிசைப் பெரியம்மா ஒருத்தி, "வெத்தலை வச்சுக் கூப்பிட்டுட்டுக் காசு கேப்பீகளோ? நல்லாருக்குடா உங்க நியாயம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னால் வந்தவர்களும் போனார்கள். மாமா அம்மாவைப் பார்த்தார்.

"விடுடா. நாமதான கூப்பிட்டோம்" என்றாள் அம்மா.

அழைத்தவள் வாசலில் நிற்காவிட்டால் மரியாதையில்லை. சந்தனக் கிண்ணத்தோடு அவள் அங்கேயே நின்றாள். பாதி நாடகம் முடிந்த பிறகும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி வீட்டார் வந்து சேர்ந்ததும், பிள்ளை அழுகிறதென்று முதலில் வந்தவர்கள் விடைபெறத் தொடங்கினார்கள். உள்ளே உட்கார இடமில்லாத கூட்டம். நான் மேடைக்கு முன்னால் மணலில் இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு, ராஜா வேஷத்தின் முகப்பூச்சுக் கலையாமல் மாமா வந்தார்.

"காசு தேறலைக்கா. திரையை நாளைக்கே குடுத்துரணும்."

"அம்புட்டுச் சனம் வந்துச்சேடா."

"நீ பாத்தியா?"

"பாக்காம? அப்பாவே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

அவள் உள்ளே வரவேயில்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வீட்டுக்கு நடக்கையில், "ஏலே, மொதல்லருந்து சொல்லு. திரை தூக்குனதும் யாரு வந்தா?" என்றாள். சொன்னேன். ராஜா எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், கிரீடம் என்ன நிறம், ராணி அழுதபோது எங்கே கை வைத்துக்கொண்டாள், எல்லாம் கேட்டாள். ராஜா காட்டுக்குப் போகும் இடம் வரும்போது எங்கள் தெரு வந்துவிட்டது. அம்மா திரும்பாமல் நேரே நடந்தாள்.

"அம்மா, இது சுத்து வழி."

"நீ சொல்லிக்கிட்டே வா."

தூக்கக் கலக்கத்தில் அம்மாவுக்கு வழி தவறிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.