புளித்துப்போன கோப்பித் தோல்

உக்குவளை ஊர் ஜுனைதாவைக் கேட்டால், தனக்கு யார் மீதும் பொறாமை கிடையாது என்பாள். நம்பாதீர்கள். ஒரு கோப்பை கோப்பித் தோல் பானம் அவள் நெஞ்சைப் பற்றி எரிய வைத்தது!

வீட்டுக் கோப்பிப் பழங்களை அவள் கணவன் சாலிஹ் கை இயந்திரத்தில் போட்டுத் தோலுரிப்பான். சிவந்த தோல் வேலியோரம் குவிந்து நாறும். அடுத்த வீட்டு றிஸ்னா, சாலிஹின் தம்பி மனைவி, அதைக் கேட்டு வாங்கிப் போனாள். காயவைத்து, இஞ்சி போட்டு அவித்து, நோன்பு திறக்க அனுப்பி வைத்தாள்.

"நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் இதுல இருக்காம்," என்று சாலிஹ் ரசித்துக் குடித்தான். "றிஸ்னாட கையில பரக்கத்து இருக்கு புள்ள."

இத்தனை வருடம் சமைத்துப் போட்ட தன் கைக்கு, அருள் நிறைந்ததென்ற அந்தச் சொல் கிடைத்ததில்லையே! ஜுனைதா கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அதே சொல்லை அவன் வாயால் தனக்கும் வாங்கியே தீருவதென்று முடிவெடுத்தாள்.

மறுநாள் றிஸ்னா வந்தபோது, "இனி தோல் தர ஏலாது. எங்களுக்கே வேணும்," என்று முகத்திலடித்தாற்போல் சொன்னாள்.

அந்தப் பக்கத்தில் பறித்த மிளகை ஓர் இரவு சாக்கில் கட்டி வைப்பார்கள். மணிகள் இலகுவில் உதிரும். ஜுனைதா கோப்பித் தோலையும் அப்படியே கட்டி வைத்தாள். அவிழ்த்தபோது சாக்கு கொதித்தது. ருசி ஊறிவிட்டதென்று பூரித்தாள், பாவி! அரைகுறையாக உலர்த்தி, சீனியை அள்ளிப் போட்டு அவித்தாள்.

பாங்கு ஒலித்தது. சாலிஹ் பேரீச்சம்பழத்தை மென்றபடி கோப்பையைத் தூக்கினான். உடனே கீழே வைத்தான்.

"என்ன புள்ள இது, கள்ளு மணக்குது! நோன்பு திறக்க இதையா தந்தே? மிளகுக் கொடிக்கு ஊத்து. அதுக்கு நோன்பில்ல."

அந்த நேரம் பார்த்துக் கஞ்சிக் கோப்பையோடு றிஸ்னா வாசலில் நின்றாள். ஜுனைதாவுக்குப் பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"சாக்குல கட்டினீங்களா ராத்தா?" றிஸ்னா சிரிப்பை அடக்கினாள். "இது மிளகில்லையே. உரிச்ச கையோட வெயில்ல பரப்பணும். இல்லாட்டி புளிச்சிரும்."

ஜுனைதா அன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த முறை பழம் உரித்ததும், தோலைத் தானே சுமந்து றிஸ்னாவின் முற்றத்தில் கொட்டினாள்.

"பாதி எனக்கு. நீ செய்றத நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

"பாருங்க ராத்தா. மச்சானுக்கு நீங்களே ஊத்திக் குடுங்க. நான் செஞ்சதுன்னு சொல்லவே மாட்டேன்."

அது இரக்கமா, ஏளனமா? ஜுனைதாவுக்குப் புரியவில்லை. பாயில் குனிந்து, றிஸ்னாவை விட மெல்லியதாகத் தோலைப் பரப்பத் தொடங்கினாள்.