கைப்பிடியில் ஒரு பெருக்கல் குறி

அக்காவின் முதலாண்டு நினைவு மலரான இந்தச் சிறு புத்தகத்தை ஒரு பையில் போட்டுத் தருகிறோம். பையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அக்கா.

சேத்தியாத்தோப்பில் பிறந்து மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டபோது, ஒரு தையல் மிஷினை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். நான் அப்போது புத்தகம் படித்துக்கொண்டும் ஏதாவது எழுதிக்கொண்டும் இருந்தேன். இன்றும் அதே உத்தியோகம்தான்.

பிளவுசில் தொடங்கியவர் பிறகு நான்-ஓவன் பைகளுக்கு மாறினார்.

"இது துணிதானே அக்கா?"

"நூலை உருவிப் பாருடா. வருதா? வராது. இது நெய்யல. இழையைப் பரப்பி, சூடு வச்சு அமுக்குனது."

சட்டைக் காலருக்குள், முகக்கவசத்தில், பட்டுப்புடவை உறையில், குழந்தையின் டயப்பரில் என்று அவர் காட்டக் காட்டத்தான், நெய்யாத துணியோடு நான் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. சூட்டில் ஒட்டிய கைப்பிடியை மட்டும் அவர் நம்பியதில்லை. ஒவ்வொன்றிலும் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் போடுவார்.

என் மகள் கல்யாணத்தில் அக்காவுக்கு ஓய்வு தருவதாக நினைத்து, தாம்பூலப் பைகளைக் கடையில் வாங்கினேன். எல்லாம் ஒட்டிய கைப்பிடி. சிதம்பரம் மண்டபத்தில், முகூர்த்தத்துக்கு முன்பே சாப்பிட்டு இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பிய சம்பந்தி வீட்டுப் பெரியவரின் பை அறுந்து, தேங்காய் மணமேடை வரை உருண்டது.

"பொண்ணு வூட்டு சீரு நம்மளுக்கு முன்னாடி ஓடுதுய்யா!" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

"நீ மேடைக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்று அக்கா மாமாவையும் கூட்டிக்கொண்டு, ஊசி நூலோடு ஸ்டோர் ரூமுக்குள் போனார். அதன்பின் ஒரு பையும் அறுந்ததாகத் தகவல் இல்லை.

என் மகளுக்குத் தாலி கட்டியதை அக்கா பார்க்கவே இல்லை என்பதை, அவர் மறைந்த பிறகு மாமா சொல்லித்தான் அறிந்தேன்.

"கெட்டிமேளம் கேட்டுச்சு மச்சான். போய்ப் பாருன்னேன். இன்னும் பை கெடக்குதுன்னுட்டு, செவுத்தப் பாத்து அட்சதைய போட்டா."

"ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவன் எழுதித் தொலைப்பான்னு சொல்லிட்டா ஒங்க அக்கா."

கடைசி நாட்களில், மருத்துவமனையில் போட்டுவிட்ட கவுனின் ஓரத்தைத் தடவிவிட்டு, "நான்-ஓவன். தையல் சரியில்ல" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அவரைக் கனிவாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாமாவுக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

இந்தப் பைகளின் கைப்பிடிகளை நானே தைத்தேன். அன்று அக்காவுக்குக் கோத்துக் கொடுத்ததுபோல, மாமா ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். பெருக்கல் குறி கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பையிலும் தேங்காயைப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டேன், அக்கா. தாங்குகிறது.